ஓடாமல் வென்றவன்

மனிதனின் கால் மேல் ஊரே பந்தயம் கட்டிய காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். சேவலை மோதவிட்டுச் சலித்தார்கள், கடாவை மோதவிட்டுச் சலித்தார்கள், பிறகு மனிதனை நடக்கவிட்டுப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு முறை மிளகு வணிகரும் உப்பு வணிகரும் ஆளுக்கொரு நடைக்காரனை இறக்கினார்கள். மூன்று நாள், பொழுது எழுந்தது முதல் சாயும்வரை, ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். நடக்கத்தான் வேண்டும். இரண்டு காலும் ஒருசேரத் தரையை விட்டால் அது ஓட்டம், ஓடியவன் தோற்றவன். சோர்ந்து விழுந்தவனும் தோற்றவன்.

மிளகு வணிகரின் ஆள் செங்கோடன். வென்றால் கிணற்றோடு ஒரு காணி நிலம் தருவதாக அவனுக்கு வாக்கு. அவன் மனைவி வேம்பாயி பத்து வருடமாக அடுத்தவர் வயலில்தான் நாற்று நட்டாள். அவளைச் சொந்தச் சேற்றில் இறக்கிவிட ஆசைப்பட்டான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் நாள் வேம்பாயி கூழ் கொடுத்தாள்; நடந்துகொண்டே குடித்தான். இரண்டாம் நாள் அவன் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. "போதும் மாமா, வந்துரு. நெலம் இல்லாட்டி என்ன?" என்று அழுதாள். அவன் நடந்தான்.

மூன்றாம் நாள் உச்சி வேளையில் உப்பு வணிகரின் ஆள் சுருண்டு விழுந்தான். இனிச் செங்கோடன் பொழுது சாயும்வரை ஓடாமல் இருந்தால் போதும்.

பொழுது சாயும் நேரம். மதகருகே கூழோடு நின்ற வேம்பாயியைக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கால் வழுக்கி ஆழத்தில் விழுந்தாள். "மாமா!" என்று ஒரே ஒரு முறை கத்தினாள்.

கரையில் ஆயிரம் பேர். நீச்சல் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஆனால் எல்லாக் கண்ணும் செங்கோடனின் காலில்தான் இருந்தது, எப்போது தவறும் என்று.

ஐந்நூறு அடி தூரத்தில் அவனுக்குக் குரல் கேட்டது. அவளிடம்தான் போனான், ஐயா. ஆனால் நடந்து போனான். மூன்று நாள் பழகிய கால் நடந்தது, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று பாழாய்ப்போன மனமும் அதற்கு ஒத்துப்போனது. குதிக்கக்கூட இல்லை, மதகுப் படியில் இறங்கினான்.

அவன் கை பட்டபோது வேம்பாயியிடம் மூச்சில்லை.

பொழுது சாய்ந்தது. கரை ஆரவாரித்தது. மிளகு வணிகர் மாலையோடு வந்தார். "கால் தவறவே இல்லடா! நெலம் ஒனக்குத்தான்!" என்றார்.

மனைவியை மடியில் கிடத்தியபடி செங்கோடன் நிமிர்ந்தான். "அதுல ஒரு மூலையக் காட்டுங்க சாமி, இவளப் பொதைக்கணும்" என்றான்.

ஓர் உயிர் கூப்பிடும்போது பந்தயத்தைப் பார்த்தவர், நடந்தவரானாலும் வேடிக்கை பார்த்தவரானாலும், தோற்றவரே.