மூன்று விமானம், ஒரு கருவி

எதிரி விமானம் வருவதை வானத்தில் பறந்தபடியே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் ரேடார் விமானங்கள் மூன்று அந்த விமானப்படைத் தளத்தில் நின்றன. அவற்றைப் புதுப்பிக்கத் தேவையான ரேடார் கருவி ஒன்றுதான் வந்திருந்தது. ஆனாலும் மூன்றும் தயார் என்று தளபதி வீரபத்திரன் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

"நாளைக்கு மந்திரி வர்றார். மூணு ரேடாரும் வேலை செஞ்சாகணும். இல்லேன்னா உனக்குப் பாலைவனத்துக்கு மாற்றல்," என்று மெக்கானிக் செலஸ்டினாவை மிரட்டினார். அவளுக்கு வீட்டில் கைக்குழந்தை.

"வேலை செய்யும் சார்," என்றாள், கண்ணை இமைக்காமல்.

மறுநாள் முதல் விமானத்தில் ரேடார் திரை பளிச்சென்று எரிந்தது. மந்திரி தலையாட்டினார். "ஐயா, ஒரு டீ சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, செலஸ்டினா அவர் கண்ணெதிரிலேயே கருவியைக் கழற்றி இரண்டாவது விமானத்தில் மாட்டினாள். அங்கேயும் திரை எரிந்தது. மூன்றாவதற்குத் தூக்கிக்கொண்டு நடந்தபோது மந்திரி மறித்தார்.

"என்னம்மா இது?"

"கருவி ஒண்ணுதான் ஐயா இருக்கு. மூணும் வேலை செய்யணும்னு சார் உத்தரவு."

"சண்டை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எதிரிக்கும் நடுவுல டீ குடுத்து உட்கார வைக்கணும் ஐயா."

அன்றைக்கே இன்னும் இரண்டு கருவிகளுக்கு உத்தரவு பறந்தது. பாலைவனத்துக்குப் பெட்டி கட்டியவர் வீரபத்திரன்.