தாய்மாமனுக்கு அனுமதி ஓலை

பூந்துறை நாட்டு மன்னர் வீரகேசரி எதிரிப் படையைக் கண்டு ஒருநாளும் பின்வாங்கியதில்லை. அரசியின் தாய்மாமன் பரமானந்தர் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் வேறு வாசல் வழியாக நழுவிவிடுவார்.

பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அயல்நாட்டிலிருந்து வந்தவர் மாமா. அதற்குப் பிறகு எத்தனையோ பொங்கல் வந்து போய்விட்டது. மாமா போகவில்லை. மன்னரின் குதிரையை "நம்ம குதிரை" என்றார். மன்னருக்கே ஆட்சி செய்யக் கற்றுக்கொடுத்தார்.

இதை அரசியிடம் சொல்ல மன்னருக்குத் துணிவு வரவில்லை. அதனால் ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு சட்டம் போட்டார். அயல்நாட்டிலிருந்து உறவினரைப் பார்க்க வருகிறவர், திரும்பிப் போவார் என்று நிரூபித்தால்தான் அனுமதி ஓலை. முடிவு தெரியும்வரை கோட்டை வாயில் மண்டபத்தில் இருக்க வேண்டும். அங்கே கஞ்சி மட்டும்தான் கிடைக்கும்.

ஒரு காலை, அரண்மனைக்குப் பூக்கட்டும் மங்கத்தாயி, அரசவை விகடர் கூத்தபிரானின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நிறைமாதம். கணவன் மன்னரின் கப்பலில் கடலுக்குப் போயிருந்தான்.

"பிரசவம் பார்க்க முன்கூட்டியே வந்த எங்கம்மா மாசக்கணக்கா வாயில் மண்டபத்திலே கிடக்குது சாமி. மூணு தரம் மனுவைத் திருப்பிட்டாங்க."

"என்ன குறை சொன்னார்கள்?"

"முதல் தரம், மனுவிலே குப்பம்மாள்னு இருக்கு, ஊர்த் தலைவர் ஓலையிலே குப்பாயின்னு இருக்கு, ரெண்டு பேருக்கு ஒரு ஓலை தர முடியாதுன்னாங்க. திருத்திக் கொடுத்தோம். ரெண்டாம் தரம், ஒரே பொண்ணு இங்கே இருக்கா, அங்கே யாருமில்லே, அப்போ திரும்பிப் போகமாட்டான்னு தள்ளிட்டாங்க. சினை எருமை ஒண்ணு இருக்கு, அதுக்காகப் போயே ஆகணும்னு எழுதினோம்."

"அதற்கு?"

"எருமை கிட்டயிருந்து சான்று வரலையாம்."

கூத்தபிரானுக்குச் சிரிப்பு வந்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் மெல்ல உட்கார்ந்ததைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மன்னரிடம் போய், எருமைச் சான்று வரை எல்லாவற்றையும் சொன்னார்.

மன்னர் பிடிகொடுக்கவில்லை. "சட்டத்தைத் தளர்த்தினால் இன்னும் பத்து மாமா வந்து உட்கார்ந்துகொள்வார்கள்" என்று சொல்லி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூத்தபிரான் அதைப் பிடித்துக்கொண்டார். "அரசே, இந்தச் சட்டம் இனி வருகிறவர்களுக்கு மட்டுமா, வந்து தங்கியிருப்பவர்களுக்குமா?"

மன்னர் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கூத்தா, அவரைப் போகச் சொன்னால் அரசி என்னோடு பேசமாட்டாள்."

"யார் போகச் சொன்னது? தங்கச் சொல்லுவோம். முறைப்படி மனுக் கொடுத்துத் தங்கச் சொல்லுவோம். மாமா போய்விட்டால் குப்பம்மாளை உள்ளே விடுவீர்களா?"

"மாமா போய்விட்டால் குப்பம்மாளை என் பல்லக்கில் அழைத்து வருவேன்."

அன்றே வாயில் அதிகாரி சடகோபர் எழுத்தாணியோடு மாமாவின் முன்னால் போய் நின்றார். எவ்வளவு பெரிய ஆளானாலும் அவருக்கு மனுதாரர்தான்.

"தாங்கள் வந்த காரணம்?"

"மருமகளைப் பார்க்க வந்தேன். உனக்குத் தெரியாதா?"

"பார்த்தாயிற்றா?"

"தினமும் பார்க்கிறேன்."

"அப்படியானால் வந்த காரணம் முடிந்துவிட்டது. மனு தள்ளுபடி. வேறு காரணம் இருந்தால் மறுபடி எழுதித் தரலாம்."

மாமா மறுபடி எழுதினார். இந்த ஊர்க் காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது, சிகிச்சைக்காகத் தங்குகிறேன் என்றார். அரண்மனை வைத்தியர் நாடி பிடித்து, உடம்பு கல் மாதிரி இருக்கிறது என்று சான்று கொடுத்தார். நோயில்லாதவருக்குச் சிகிச்சை எதற்கு என்று அதுவும் திரும்பி வந்தது.

மாமா அரசியிடம் ஓடினார். அரசியோ, "எல்லோருக்கும் உள்ள சட்டம்தானே மாமா, எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்றாள். மூன்றாம் மனுவைக் கொடுத்ததும் சடகோபர் பணிவாகச் சொன்னார்: "முடிவு தெரியும்வரை தாங்கள் வாயில் மண்டபத்தில் இருக்க வேண்டும்."

மண்டபத்தில் மாமாவுக்கு ஒரு பாய் விரித்தார்கள். கஞ்சி வந்தது. தொட்டுக்கொள்ள எதுவும் வரவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த குப்பம்மாள் தன் முடிச்சை அவிழ்த்து உப்புக் கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ வந்து எத்தனை நாளாகிறது?" என்று கேட்டார் மாமா.

"நாள் கணக்கெல்லாம் தெரியாது சாமி. நான் வந்தப்போ அந்தத் தென்னையிலே பாளை வெடிச்சிருந்தது."

மாமா அண்ணாந்து பார்த்தார். மரத்தில் இளநீர்க் குலை தொங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, காவலனைக் கூப்பிட்டு, "என் ஊருக்கு ஒரு வண்டி கட்டச் சொல்" என்றார்.

அவர் வண்டி ஆற்றைக் கடந்த செய்தி வந்ததும் மன்னரின் பல்லக்கு மண்டபத்துக்குப் போனது. குப்பம்மாள் அதில் ஏற மறுத்து அதன் கூடவே வேகமாக நடந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மங்கத்தாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று கேட்ட பிறகுதான் கூத்தபிரான் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் அவையில் மன்னர் அவருக்கு முத்துமாலை அணிவித்தார். "திரும்பிப் போவார் என்று நிரூபிக்க இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே."

"அரசே, கேள்விகளில் குற்றமில்லை. வருகிறவர்களிடம் கேட்டோம், அதுதான் பிசகு. போகாதவர்களிடம் கேட்டால் உடனே பலன் தெரிகிறது."

அன்றோடு சட்டம் மாறியது. பேறுகாலத்துக்கு வருகிற தாய்மாருக்குக் கேள்வியே கிடையாது என்று ஆயிற்று.

அரசிக்கு மட்டும் முகம் வாடியிருந்தது. "மாமா சொல்லாமலே போய்விட்டார். இனி எப்போது வருவாரோ?"

மன்னர் திகைத்துக் கூத்தபிரானைப் பார்த்தார். கூத்தபிரான் கைகூப்பினார்.

"கவலை வேண்டாம் தாயே. எப்போது வேண்டுமானாலும் வரலாம். எருமையிடம் ஒரு சான்று வாங்கி வந்தால் போதும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் சிம்மாசனமே ஆடியது.