அடைக்கலம் கேட்ட நாதம்

"எனக்கு நாதம் கேட்குதும்மா," என்றார் அடைக்கலம்.

மடத்தம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப இருந்து?"

"புயல் வருசத்துல இருந்து. ஒரு நிமிசம் ஓயாது. தலைக்குள்ள ஆயிரம் சில்வண்டு கத்துற மாதிரி. இதுக்கு அடுத்த படி என்னன்னு நீங்கதான் காட்டணும்."

அடைக்கலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மடத்தம்மா அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஆனாலும் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவர் அம்மாதான். கண்மாய்க்கரை மடத்தில் தனியாக இருந்தார். வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். உபதேசம் கேட்டு வந்தால் பெரும்பாலும் திருப்பிக் கேள்விதான் கேட்பார்.

அடைக்கலம் உபதேசம் கேட்டு வந்தவர் அல்ல. மரம் அறுக்க வந்தவர்.

மடத்துக்கு முன்னால் நின்ற இலுப்பை ஆடிக் காற்றில் வேரோடு சாய்ந்திருந்தது. மூன்று பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரம். மடத்துக்கு வரும் சந்துக்குள் லாரி நுழையாது. கிடந்த இடத்திலேயே பலகையாக அறுத்தால்தான் உண்டு.

செயின் ரம்பத்தில் அப்படிப் பலகை போடுவதற்கு அந்த வட்டாரத்தில் அடைக்கலத்தை விட்டால் ஆள் இல்லை. மரத்தின் முதுகில் இரும்புச் சட்டத்தை அடித்து, அதை ஒட்டியே ரம்பத்தை ஓட்டுவார். நூல் பிடித்தது போலப் பலகை விழும்.

"நாதம்னு யார் சொன்னாங்க?" என்று மடத்தம்மா கேட்டார்.

"டவுன்ல தியான முகாம் நடத்த ஒரு சாமி வந்தாரு. அவர்கிட்டச் சொன்னேன். 'இது அனாகத நாதம், எதுவும் தட்டாமலே உள்ளுக்குள்ள எழுற ஓசை, தவம் பண்றவனுக்கே லேசுல வாய்க்காது'ன்னாரு."

அன்றைக்கு அடைக்கலம் அழுதுவிட்டார். அதுவரை யாரும் அவரிடம் உனக்கு ஒன்று வாய்த்திருக்கிறது என்று சொன்னதில்லை. மறுநாளே குடியை விட்டார். தினமும் விடிகிற நேரத்தில் குளித்துவிட்டு வந்து, கண்ணை மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அரைமணி நேரம் உட்காருவார்.

"கூட வேலை செய்யிறது யாரு?"

"என் மச்சினன். சின்னக்கண்ணு."

"கொஞ்சம் கூப்பிடுங்க."

சின்னக்கண்ணு மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்து நின்றார். நாற்பதைத் தாண்டியவர். மச்சான் அறுத்துக்கொண்டே போக, அறுத்த வாயில் ஆப்பு அடித்துக்கொண்டே பின்னால் வருவது அவர் வேலை.

"உங்களுக்குக் காதுல ஏதாச்சும் சத்தம் கேட்குமா?" என்றார் மடத்தம்மா.

சின்னக்கண்ணு மச்சானைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கேட்கும்மா. ஞொய்ன்னு. நாலஞ்சு வருசமா இருக்கு. படுத்தா தூங்க விடாது. அதுக்காகத்தான் கொஞ்சம் ஊத்திக்கிறது."

"தியானம் எதுவும் பண்றீங்களா?"

"நானா?" சின்னக்கண்ணு சிரித்துவிட்டார்.

அடைக்கலம் சிரிக்கவில்லை.

"அவனுக்குக் கேட்கிறது வேற," என்றார்.

"இருக்கலாம்."

"எனக்குக் கேட்கிறது வேறம்மா."

"இருக்கலாம்ண்ணே. எதுக்கும் டவுன்ல ஒரு காது டாக்டரைப் பாத்துட்டு வாங்களேன்."

"நாதத்துக்கு டாக்டரா?"

அடைக்கலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் மிஷின் அலறியது. முறத்தில் பாதிக் கீரை ஆயாமலே கிடந்தது. மடத்தம்மா கை ஓடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் குடியை விட்டிருக்கிறார். விடியலில் எழுந்து குளிக்கிறார். அதிலிருந்து எதை உருவினால் எது சரியும் என்று மடத்தம்மாவுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை டீயோடு இரண்டு ஜோடிப் பஞ்சு உருண்டை வந்தது. எண்ணெயில் தோய்த்து, கெட்டியாக உருட்டியது.

சின்னக்கண்ணு எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்.

அடைக்கலம் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பிடித்திருந்தார். காலையில் அவருடைய விரல்கள் நுனிவரை வெளுத்து, யாருடைய விரல்களோ போலக் கிடக்கும். சூடு ஏறினால்தான் உணர்ச்சி வரும். பஞ்சை அவர் தொடவில்லை.

"மூக்குக்குத் துண்டு கட்டுறீங்களே," என்றார் மடத்தம்மா.

"தூசு கெட்டதும்மா. நெஞ்சில போய் உக்காந்துக்கும். நாதத்தை யாராவது அடைப்பாங்களா?"

மூன்றாம் நாள் அடிமரத்துக்கு வந்தார்கள். மேல்பக்கம் நான்கு பலகை எடுத்தாயிற்று. இலுப்பை லேசாகிவிட்டது. கனம் ஒரு பக்கமாகத் தங்கியிருந்தது. உருளாமல் இருக்க அடியில் முட்டுக்கட்டை கொடுத்திருந்தார்கள்.

அடைக்கலம் மிஷினைத் தூக்கினார். சின்னக்கண்ணு பின்னாலிருந்து என்னமோ சொன்னார். அடைக்கலம் தலையாட்டினார். கயிற்றை இழுத்தார். மிஷின் உயிர் பெற்றது.

செயின் மரத்துக்குள் இறங்கியது. நீலப் புகை. மஞ்சளாகத் தூள் பறந்தது. மூன்று அடி போயிருப்பார். கண் செயினை விட்டு நகரவில்லை.

முகத்தில் ஒரு குடம் தண்ணீர் வந்து விழுந்தது.

விரல் தன்னால் விசையை விட்டது. செயின் நின்றது. எதிரே காலிக் குடத்தோடு மடத்தம்மா நின்றார். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. கை அந்தப் பக்கத்தைக் காட்டியது.

மரம் ஒரு சாண் உருண்டிருந்தது. மரத்தின் அடியில் சின்னக்கண்ணுவின் வலது கால் மாட்டியிருந்தது. அவர் வாயைத் திறந்து அலறிக்கொண்டிருப்பது அடைக்கலத்துக்குத் தெரிந்தது. சத்தமாக அல்ல, முகமாக.

கடப்பாரையைப் போட்டு நெம்பினார்கள். கால் வெளியே வந்தது. இரண்டு விரல் நசுங்கியிருந்தது. மடத்தம்மா புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினார். அடைக்கலம் சின்னக்கண்ணுவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மரத்துக்கு அடியில ஏன்டா போனே? ஏன்டா போனே?"

சின்னக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்திருந்த அவர் காதருகே சொன்னார்.

"முட்டு நழுவியிருக்கு, நான் சரி பண்ற வரைக்கும் பொறுங்கன்னு சொன்னேனே மச்சான். நீங்க தலையாட்டுனீங்களே."

அதில் கோபம் இல்லை. அதுதான் அடைக்கலத்தைக் கொன்றது.

ஆறு நாள் கழித்து, மிஷினையும் சட்டத்தையும் எடுத்துப் போக ஆட்டோவில் வந்தார்கள். சின்னக்கண்ணு கட்டுப் போட்ட காலோடு ஆட்டோவிலேயே இருந்தார். அடைக்கலம் மட்டும் மடத்துக்குள் வந்து, மடத்தம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில அவனுக்குக் கட்டுப் போட்ட அன்னிக்கே என் காதையும் காட்டிட்டேன்."

"என்ன சொன்னாங்க?" என்றார் மடத்தம்மா.

"ஒரு ரூமுக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே வரல. இன்னும் ஆரம்பிக்கலயேன்னு நினைச்சேன். அவங்க பாதியைத் தாண்டிட்டாங்க."

அவர் குரல் இறங்கியது.

"நரம்பு செத்துப்போச்சாம். மிஷின் சத்தத்துல. போனது திரும்பாதாம், மிச்சத்தைக் காப்பாத்திக்கலாமாம். ரெண்டு பேருக்கும் காதுமூடி எழுதிக் கொடுத்திருக்காங்க. இந்த ரீங்காரம் அந்தக் காயத்தோட சத்தமாம். விரல் வெளுக்கிறதும் மிஷின் அதிர்வாலதானாம்."

வெளியே பாதி அறுத்த இலுப்பை வெயிலில் கிடந்தது.

"அப்ப இத்தனை வருசம் நான் ஒரு வியாதி முன்னாலயாம்மா கண்ணை மூடி உக்காந்திருந்தேன்?"

மடத்தம்மா எழுந்து வந்து அவர் அருகில் உட்கார்ந்தார். அவருக்கு உதடு தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"சத்தம் வியாதிதாண்ணே. உக்காந்தது நீங்கதானே?"

அடைக்கலம் அவரையே பார்த்தார். சில்வண்டுகள் கத்திக்கொண்டே இருந்தன. எப்போதும் போலத்தான். முதல் தடவையாக அவற்றில் அவர் கேட்பதற்கு எதுவும் இல்லை.

"இனிமே எதைக் கேட்டுக்கிட்டு உக்கார்றது?"

மடத்தம்மா தலையைத் திருப்பி, வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தார்.

அடைக்கலம் கும்பிட்டு எழுந்தார். மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார். சட்டத்தைச் சாய்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். சின்னக்கண்ணு உள்ளேயிருந்தபடி என்னமோ சொன்னார்.

அடைக்கலத்தின் தலை ஆடத் தொடங்கியது.

பாதியில் நின்றது.

கயிற்றைக் கீழே விட்டார். சுற்றி வந்து, ஆட்டோவுக்குள் ஏறி, மச்சினனின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"எனக்குக் கேட்கல மாப்ளே," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."