கதவு வரை போனவர்

ஆளில்லாத அறையிலும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார் நல்லசிவம். இயற்பியல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, குவாண்டம் கணினிக்கு நிரல் எழுதக் கற்க ஜெரீனாவிடம் வந்து சேர்ந்தவர். ஆசிரியை அவரைவிட இளையவர்.

அன்று உட்கார்ந்ததும் நல்லசிவம் ஆரம்பித்தார். "மேடம், அருளப்பனை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பணும். என் நிரலைக் கெடுக்கிறான்."

ஜெரீனா விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எப்படி சார்?"

எழுதிய நிரல் நேராகக் கணினிக்குப் போவதில்லை. கம்பைலர் என்ற மொழிமாற்றி மென்பொருள் முதலில் அதை ஓர் இடைவடிவமாக மாற்றும். வேண்டாததை அங்கே களைந்துவிட்டுத்தான் அனுப்பும். அந்தக் களையெடுப்புப் பகுதியை எழுதுவது அங்கே வேலை பார்க்கும் அருளப்பனின் பொறுப்பு. களைவது கியூபிட்டுக்கான கட்டளைகளை; கியூபிட் என்பது குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் அலகு, அதைச் சுழியத்திலிருந்து ஒன்றுக்குப் புரட்டலாம்.

"ஒரு கியூபிட்டை ரெண்டு தடவை புரட்டச் சொல்லி எழுதினேன். இடைவடிவத்துல ரெண்டையும் காணோம். விடை குப்பையா வருது."

"ரெண்டு தடவை புரட்டினா பழைய நிலைக்கே வந்துடுமே?"

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. சும்மா காத்திருக்கிற கியூபிட் சுத்துப்புறத் தொந்தரவுல, அந்த இரைச்சல்ல, கெட்டுப்போகும். நடுவுல புரட்டி, திரும்பப் புரட்டினா தாங்கும். அதான் சூட்சுமம்."

சொன்னவர் சட்டென்று எழுந்தார். கதவைத் திறந்து வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஜெரீனா திரையை அவர் பக்கம் திருப்பினார். "நீங்க வந்ததுல இருந்து நடந்ததை எழுதி, களைஞ்சும் வச்சிருக்கேன். படிங்க."

'நல்லசிவம் உட்கார்ந்தார். அருளப்பனைக் குறை சொன்னார்.'

"நான் கதவு வரைக்கும் போனது எங்கே?"

"போனீங்க, அதே நாற்காலிக்குத் திரும்பிட்டீங்க. கழிச்சுட்டேன்."

"அதெப்படிக் கழிக்கலாம்? யாராவது ஒட்டுக்கேக்கிறாங்களான்னு பார்க்கத்தானே போனேன்!"

"சொல்லலையே."

"திருடனைப் பிடிக்கப் போறவன் தண்டோரா போட்டுட்டா போவான்?"

ஜெரீனா சிரித்துவிட்டார். "சரி, புரட்டல் எதுக்குன்னு அருளப்பனுக்காவது தெரியுமா?"

"நல்லாயிருக்கே! சொன்னா தன் பேர்ல போட்டுக்குவான்."

கதவு தட்டும் சத்தம். "மெசேஜ் பார்த்தேன் மேடம். வரலாமா?" அருளப்பனின் குரல்.

நல்லசிவத்தின் முகம் சுருங்கியது. "எப்போ கூப்பிட்டீங்க?" என்றார், கிசுகிசுப்பாக.

"நீங்க வராந்தாவைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ."

நல்லசிவம் எழுந்தார். கதவை நோக்கி நடந்தார். ஜெரீனாவின் விரல்கள் மறுபடி விசைப்பலகைக்குப் போயின.

"எதுக்குப் போறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க சார். இல்லைன்னா இதையும் கழிச்சுடுவேன்."