வாளியில் வந்த வெள்ளம்

மழை தன் மாதங்களை மறந்துபோயிருந்த காலம் அது. ஐப்பசியில் வெயில் கொளுத்தும். தை பிறந்த பிறகு ஆறு பெருகும். பஞ்சாங்கத்தைப் பார்த்து விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

அந்த ஆற்றங்கரையில் வடிவம்மை ஒரு சிறிய பள்ளி நடத்தி வந்தார். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அடுக்களைக்கு வெளியே ஒரு கன்றுக்குட்டி கட்டியிருக்கும். பள்ளிக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். அதன் கல்பாலத்தைத் தாண்டினால் ஒரு சிறிய பாறைக்குன்று. அதைப் பொத்தை என்பார்கள்.

வடிவம்மைக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் காசிலிங்கம். குருவைவிட வயதில் மூத்தவர். வேறு ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளை ஓடவைக்க அவருக்குத் தெரியும். அவர்களோடு இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வடிவம்மையிடம் வந்திருந்தார். கழுத்தில் தொங்கிய விசிலை மட்டும் இன்னும் கழற்றவில்லை.

போன வருடம் விடியற்காலையில் வெள்ளம் பள்ளிக்குள் புகுந்தது. விழித்துப் பார்த்தபோது பொத்தைக்குப் போகும் வழி தண்ணீருக்குள் போயிருந்தது. எல்லோரும் பள்ளிக் கூரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். மறுநாள் படகு வந்து இறக்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இசக்கி என்ற சிறுமி மட்டும் இன்னும் கூரையிலிருந்து இறங்காதவள்போல இருந்தாள். மேகம் கறுத்தால் போதும், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தூணைக் கட்டிக்கொள்வாள். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

ஒரு மாலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இசக்கி தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஐயா, மறுபடி வெள்ளம் வருமா?”

“வராது கண்ணு. வந்து சாப்பிடு” என்றார் காசிலிங்கம்.

“போன வருசமும் இதைத்தான் சொன்னீங்க.”

இசக்கி அன்றும் சாப்பிடவில்லை.

அவர் குருவைத் தேடிப் போனார். வடிவம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, வராதுன்னு சொன்னா அது பொய். வரும்னு சொன்னா பிள்ளை இன்னும் பயப்படும். நான் அவகிட்ட என்னதான் சொல்ல?”

“நாளைக்குச் சொல்றேன்” என்றார் வடிவம்மை. “இப்போ இந்தக் கல்லைப் பொறுக்குங்க. என் கண்ணுக்குத் தெரியல.”

மறுநாள் காலை பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெரும் சத்தம் கேட்டது. வடிவம்மை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளி நிறையத் தண்ணீருடன் ஓடி வந்தார்.

“நான்தான் வெள்ளம்! ஓடுங்க! பொத்தை உச்சிக்குப் போனா தப்பிச்சீங்க! நனைஞ்சா அவுட்டு!”

பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். காசிலிங்கம்தான் முதலில் சுதாரித்தார். பழைய பழக்கம். விசிலை எடுத்து ஊதினார்.

“எழுந்திரு! வரிசை! உயர வரிசை! குள்ளமானவங்க முன்னால!”

பிள்ளைகள் எழுந்தார்கள். யார் உயரம் என்று முதுகோடு முதுகு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நாலு வயதுச் சுடலை முன்னால் வந்து நின்றான். வரிசை மிக அழகாக இருந்தது.

வடிவம்மை அத்தனை பேரையும் நனைத்துவிட்டார். காசிலிங்கத்தின் தலையில் மிச்சத்தைக் கவிழ்த்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்ட, விசிலை வாயில் வைத்தபடியே அவர் நின்றார். ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. குமிழிதான் வந்தது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இசக்கி சிரிக்கவில்லை. தூணோரம் நின்றாள்.

வடிவம்மை காலி வாளியுடன் அவளிடம் போனார்.

“என்ன இசக்கி, வெள்ளம் எப்படி?”

“நல்லா இல்ல.”

“ஏன்?”

“வெள்ளம் இப்படிக் கத்திக்கிட்டு வராது, அம்மை. சத்தமில்லாம வரும். வாசல் வழியாவும் வராது. பின்னால வாய்க்கால் வழியாத்தான் வரும். முதல்ல அடுக்களை அடுப்புதான் நனையும். சாம்பல் கருப்பாகும். அப்புறம்தான் தண்ணி கண்ணுக்கே தெரியும்.”

வடிவம்மை வாளியைக் கீழே வைத்தார். இசக்கி சொன்னதையெல்லாம் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“எனக்கு வெள்ளமா இருக்கத் தெரியல” என்றார். “நீ சொல்லிக் கொடேன்.”

இசக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தூணை விட்டாள்.

“முதல்ல கொலுசைக் கழட்டுங்க.”

அதன்பின் வெள்ளம் அடுக்களை வழியாக வந்தது. சாப்பாட்டு வேளையில் வந்தது. பிரார்த்தனையின் நடுவில், எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது வந்தது. இசக்கி பின்னாலேயே நடந்து, “மெதுவா அம்மை… இன்னும் மெதுவா… உங்களுக்கு அவசரம் ஜாஸ்தி” என்று குருவைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வடிவம்மை மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். வாளி இசக்கியின் கைக்குப் போனது.

அன்றிலிருந்து அவள்தான் வெள்ளம். அவளைப்போல ஒரு வெள்ளத்தை யாரும் கண்டதில்லை. குளிக்கப் போன காசிலிங்கத்தைக்கூட அவள் விடவில்லை.

“ஏற்கெனவே நனைஞ்சவனை நனைக்கலாமா? இது நியாயமா?” என்று அவர் துண்டோடு நின்று கேட்டார்.

“வெள்ளம் அதெல்லாம் பார்க்காது, ஐயா.”

காசிலிங்கம் ஒவ்வொரு முறையும் விசில் ஊதினார். ஒவ்வொரு முறையும் உயர வரிசை அழகாக நின்றது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் நனைந்தார்கள். கடைசியில் அவர் இசக்கியிடமே கேட்டார்.

“நாங்க எங்கம்மா தப்பு பண்றோம்?”

இசக்கி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

“உங்க வரிசைதான் ஐயா எனக்கு வசதி. சுடலை முன்னால நடப்பான். அவன் பூனை நடை நடப்பான். அவனைத் தாண்டி யாரும் போக மாட்டீங்க. நான் சாவகாசமா வந்து நனைப்பேன்.”

“வேற எப்படிப் போகணும்?”

“அதைச் சொன்னா அப்புறம் நான் யாரைப் பிடிக்கிறது?” என்றாள். கொஞ்ச நேரம் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லிவிட்டாள். “பெரிசுக்கு ஒரு சிறுசு. கையைப் பிடிச்சுக்கணும். வரிசையே வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்துல இருக்கிறவங்க சோத்துப் பானையைத் தூக்கணும். கன்னுக்குட்டியை இழுக்கக் கூடாது. கயிறை அவுத்து விட்டாப் போதும், அது நமக்கு முன்னால பொத்தைக்கு ஓடிரும்.”

காசிலிங்கம் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். அதைக் கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டினார். ஜோடி பிரித்தபோது இசக்கி மட்டும் மிஞ்சினாள்.

“நான் வெள்ளம். எனக்கு ஜோடி வேண்டாம்” என்றாள்.

“நீ வெள்ளமா இல்லாத நாள்ல?”

இசக்கி யோசித்தாள். “அப்போ நீங்க வாங்க. உங்களை இழுக்க ஒரு ஆள் வேணும்ல.”

அடுத்த முறை இசக்கியால் இரண்டு பேரைத்தான் நனைக்க முடிந்தது. அதற்கடுத்த முறை யாரையும் முடியவில்லை. பொத்தை உச்சியிலிருந்து சுடலை அவளுக்குப் பழிப்புக் காட்டினான். கீழே நின்று அவள் கோபத்தில் காலை உதைத்தாள். பிறகு வாளித் தண்ணீரைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் சிரித்ததைக் காசிலிங்கம் அன்றுதான் பார்த்தார்.

பங்குனி வந்தது. மழைக்குச் சம்பந்தமில்லாத மாதம். பள்ளியின் மேல் வானம் வெளுத்துக் கிடந்தது. மேற்கே மலைமேல் மட்டும் கருமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போன இசக்கி வாசற்படியில் வந்து நின்றாள்.

“அடுப்பு நனையுது” என்றாள்.

சொன்ன குரல் பெரிதாக இல்லை. ஆனால் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். கைகள் கைகளைத் தேடிப் பிடித்தன. இரண்டு பேர் சோற்றுப் பானையைத் தூக்கினார்கள். ஒருவன் கன்றை அவிழ்த்துவிட்டான். வடிவம்மை சுடலையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

காசிலிங்கம் நிதானமாகத் தட்டை வைத்தார். புன்னகையோடு சுற்றிலும் பார்த்தார்.

“இன்னைக்கு யாரு வெள்ளம்? இசக்கி இங்கே நிக்கிறாளே.”

அப்போதுதான் சுவரைப் பார்த்தார். வாளி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் காலுக்கடியில் பாய் நனைந்தது.

“ஐயா” என்றாள் இசக்கி. அவர் கையைப் பிடித்தாள். “வாங்க. நாமதான் கடைசி.”

வாய்க்கால் பாலத்தைக் கடந்தபோது தண்ணீர் அவளுடைய முழங்காலுக்கு வந்திருந்தது. அவள் பிடியை இறுக்கினாள். காசிலிங்கமும் இறுக்கினார். இருவரும் பிடியை விடவில்லை.

பொத்தை உச்சியில் விசில் கட்டிய கன்று அவர்களுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தது. வடிவம்மை ஜோடி ஜோடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி ஜோடியும் ஏறியதும் பானையைத் திறந்தார்.

“சோறு ஆறுது. உட்காருங்க.”

லேசாகத் தூறத் தொடங்கியது. தட்டுகள் இல்லை. கையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். கீழே தண்ணீர் பள்ளியைச் சுற்றிக்கொண்டு மெல்ல உயர்ந்தது. பாய்கள் வாசலைத் தாண்டி மிதந்து வந்தன. எந்தப் பாய் யாருடையது என்று பிள்ளைகள் கத்திச் சண்டை போட்டார்கள்.

இசக்கி பாறை விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் வெள்ளத்தையே பார்த்தாள்.

“அம்மை, இதுக்கு ஓடவே தெரியல” என்றாள். “நானா இருந்தா ஐயாவைப் பிடிச்சிருப்பேன்.”

பொத்தையே அதிரும்படி சிரித்தார்கள். காசிலிங்கம்தான் அதிகம் சிரித்தார்.

இசக்கி அவர் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, மறுபடி வருமா?”

காசிலிங்கம் குருவைப் பார்த்தார். வடிவம்மை சுடலைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை.

“வரும்” என்றார் காசிலிங்கம்.

இசக்கி தலையாட்டினாள். மேலே பார்த்தாள். மேகம் நன்றாகக் கறுத்திருந்தது. அவள் கையை நீட்டினாள்.

“அப்போ இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க.”

அவர் போட்டார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குருவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அம்மா, அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நாளைக்குச் சொல்றேன்னீங்க. இன்னும் சொல்லலையே?”

வடிவம்மை பானையை வழித்துக்கொண்டே கேட்டார்.

“வரும்போது வாளியை எடுத்துட்டு வந்தீங்களா?”

“இல்லையே அம்மா. அந்த அவசரத்துல…”

“தண்ணி வடிஞ்சதும் முதல்ல அதைத் தேடுங்க. அடுத்த வெள்ளம் அவன்தானாம், சுடலை இப்பவே கேட்டு வச்சிட்டான்.”