காய்ந்த இலையைக் கொடுக்காத மரம்

மரமும் காற்றும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், மலைமேல் ஒரு வீட்டில் பொன்னாண்டியும் அவன் மனைவி வெள்ளத்தாயியும் இருந்தார்கள். ஓர் ஐப்பசிக் காலையில் அவள் தங்கையின் பிரசவத்துக்காக மலையிறங்கிப் போனாள். பொன்னாண்டி அவளை உயிரோடு பார்த்தது அன்றுதான் கடைசி.

படலைத் திறந்தவள், தோட்டத்துச் சின்ன மரத்திடம் திரும்பி வந்தாள். குளிர்நாட்டுப் பறவை ஒன்று நழுவவிட்ட கொட்டையில் முளைத்த பீச் மரம் அது. பெயர் ஒன்றுதான், பழம் தரும் பீச் வேறு. இது பார்வைக்கு மட்டும்தான். போன மார்கழியில் உறைபனி கொட்டியபோது, கன்று கருகிவிடுமே என்று தன் கத்தரிப்பூ நிறச் சேலையை அதற்குப் போர்த்திவிட்டாள். பனியில் சாயம் இறங்கியது. சித்திரையில் துளிர்த்த இலையெல்லாம் கத்தரிப்பூ நிறம்.

"பனிக்கு முன்னாடி வந்து மூடிவிடுறேன். போயிட்டு வாரேன்" என்றாள்.

"யாருகிட்ட சொல்றே? எங்கிட்டயா, மரத்துகிட்டயா?"

"மரத்துகிட்டதான். அதுக்கு ஒருதடவை சொன்னாப் போதும். உங்களுக்கு நாலு தடவை கத்தணும்."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

எட்டாம் நாள் ஒரு மைனா வந்து, அடிவாரத்து ஆற்றில் வெள்ளம் அவளைக் கொண்டுபோய்விட்டது என்றது. பொன்னாண்டி அதை மரத்திடம் சொல்லவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றினான், அவ்வளவுதான்.

கார்த்திகையில் வாடைக்காற்று வந்தது. மரங்களிடம் காய்ந்த இலைகளை வாங்கிப் போவது அதன் வேலை.

"கொடு" என்றது.

"மாட்டேன். அம்மா வாரேன்னு சொல்லியிருக்காங்க. இந்த நிறம் இல்லைன்னா என்னை எப்படி அடையாளம் தெரியும்?"

காற்று கடகடவென்று சிரித்தது. "அட வெளியூர்க்காரா! இங்கே யாரும் போறேன்னு சொல்லமாட்டாங்க. திரும்பியே வராதவங்களும் வாரேன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க. பேச்சுக்குச் சொல்றதுடா அது!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வாரேன்னா வாரேன்தான்."

காற்றுக்குக் கோபம் தலைக்கேறியது. தண்டைப் பிடித்து உலுக்கியது. வேரடி மண் பிளந்தது. பொன்னாண்டி ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டான்.

"நீதானே அவ புருஷன்? அவ என்ன சொன்னான்னு நீயே சொல்லு" என்றது காற்று. "பேச்சுக்குச் சொல்லியிருந்தா இலை எனக்கு. நிஜமாவே வாரேன்னு சொல்லியிருந்தா நான் தொடமாட்டேன்."

"ஐயா, அம்மா என்ன சொன்னாங்க?" என்று மரமும் கேட்டது.

பொன்னாண்டிக்கு ஆறும் மைனா சொன்னதும் நினைவுக்கு வந்தன. மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"வாரேன்னுதான் சொன்னா" என்றான்.

காற்று தண்டை விட்டது. "அப்ப நான் கேட்க முடியாது. புதுத்தளிர் வந்து கேட்டா மட்டும் கொடு" என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனது.

"ஐயா, நான் இதுக்கு மேல வளரமாட்டேன்" என்றது மரம். "அம்மா வந்து போர்த்திவிடக் கை எட்டணுமில்ல."

பொன்னாண்டி உள்ளே போய்ச் சேலையை எடுத்து வந்தான்.

அன்று முதல்தான் அந்த மரத்தின் இலைகள் காய்ந்து சருகான பிறகும் கொம்பை விடுவதில்லை. தளிர் வந்து தள்ளும்போதுதான் விழுகின்றன. மரம் இன்றும் ஒரு பெண்ணின் கை எட்டும் உயரம்தான்.