காட்டுக்கோட்டை அறைக்குள் என்ன இருக்கிறது?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். மனதில் ஒரு கேள்வி வந்துவிட்டால், பதில் தெரியும்வரை அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் காலை சபையில் அமர்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தவர் பாதிப் பழத்தோடு நிறுத்தினார்.

"காட்டுக்கோட்டைப் பொக்கிஷ அறைக்குள் என்னென்ன இருக்கிறது?"

காட்டுக்கோட்டை மூன்று நாள் குதிரை வழி. அந்த அறைக் கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமென்றால் பூட்டிலுள்ள எழுத்துச் சக்கரங்களை ஒரு ரகசியச் சொல்லுக்குத் திருப்ப வேண்டும். அந்தச் சொல் ராஜா ஒருவருக்கே தெரியும். போன மாதம் அவரே போய்த் திறந்துகொடுத்துவிட்டு வந்தார். பொருள்களை அடுக்கிக் கதவைச் சாத்தியவர் பொக்கிஷ அதிகாரி வல்லபராயர்.

வல்லபராயர் தலையைச் சொறிந்தார். "ஒன்றா இரண்டா, மகாராஜா, நினைவில் நிற்க! பதுமையின் காதில் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கள். நான் கோட்டைக்குப் போனதும் அது கதவைத் திறக்கும், பார்த்து எழுதி வருகிறேன்."

காளத்தி ஆசாரி என்ற பரதேசத்துத் தச்சர் செய்துகொடுத்த பேசும் பதுமைகள் இரண்டு அந்த ராஜாவிடம் இருந்தன. ஒன்று சபையில் நின்றது. மற்றொன்று காட்டுக்கோட்டையில், அந்த அறை வாசலில். இங்கே சொன்னதை அது அங்கே செய்யும். அங்கே அது கேட்டதை இது இங்கே சொல்லும். கோட்டையில் பதுமையை நிறுத்திய அன்றே ஆசாரி தன் ஊருக்குப் போய்விட்டார் என்று வல்லபராயர் சொல்லியிருந்தார். சொல்லிக்கொள்ளாமல் போனாரே என்று ராஜாவுக்குச் சற்று வருத்தம்.

ராஜா பதுமையின் காதருகே குனிந்தார்.

"வேண்டாம் மகாராஜா!" என்று ஒரு குரல் கேட்டது. விகடன் அம்பலத்தாடி. சபையைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. மனைவி இறந்த பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை. ஆனாலும் அவன் பேசினால் இன்னும் சிரித்தார்கள்.

"ஏன் வேண்டாம்?"

அம்பலத்தாடி பதுமையிடம் கேட்டான். "பதுமையே, நேற்று வல்லபராயர் பேசி முடித்ததும் மகாராஜா என்ன முணுமுணுத்தார்?"

"'இந்த ஆள் வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது' என்றார்" என்றது பதுமை, ராஜாவின் குரலிலேயே.

ராஜாவின் கையிலிருந்த மாம்பழம் நழுவி மடியில் விழுந்தது.

"காதில் போட்டதை யார் கேட்டாலும் கொடுத்துவிடும், மகாராஜா. ரகசியச் சொல்லையும் கொடுக்கும்."

வல்லபராயர் முகம் கறுத்தது. "எல்லாம் தெரிந்த விகடர்தானே! அந்தச் சொல் இல்லாமல் அவரே அறைக்குள் இருப்பதைச் சொல்லட்டுமே!"

அவமானத்தில் இருந்த ராஜாவுக்கு அந்தப் பேச்சு இனித்தது. "சொல் என் வாயிலிருந்து வராது. கதவு திறக்கக் கூடாது. இந்த மண்டபத்தைவிட்டு ஒருவரும் போகக் கூடாது. இருட்டுவதற்குள் உள்ளே இருப்பதெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் உன் தலை கழுத்தில் இருக்காது."

அம்பலத்தாடி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். தலை போனால் அழ வீட்டில் ஆள் இல்லை என்று தோன்றியது. அது அவனை ஒன்றும் செய்யவில்லை.

"என்ன விகடரே, கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறீரா?" என்றார் வல்லபராயர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கை மடியிலேயே இருந்தது.

அவன் மனைவி காட்டுக்கோட்டைக் காவல்காரரின் மகள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. காவல் மாறும்போது, போகிற காவலன் அறையின் கம்பிச் சாளரம் வழியே பார்த்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வான். வருகிற காவலனும் பார்த்துத் திருப்பிச் சொல்வான். ஒன்று குறைந்தாலும் தலை போகும். சிறு வயதில் கேட்ட அந்த ஒப்பிப்பு ராகத்தை அவள் அரிசி களையும்போது முணுமுணுப்பாள். இப்போது அவள் இல்லை. ராகம் அவன் காதில் இருந்தது.

வெயில் தூணைவிட்டு இறங்கியது. அந்தியில் காவல் மாறும். அம்பலத்தாடி எழுந்தான்.

"பதுமையே, கதவைத் தொடாதே. பூட்டைத் தொடாதே. நின்ற இடத்திலேயே நின்று, காதில் விழுவதை மட்டும் சொல்."

பதுமையின் வாயிலிருந்து ஒரு காவலனின் குரல் வந்தது.

"முத்துப் பேழை ஒண்ணு. வெள்ளிக் குடம் ஏழு. தந்தப் பல்லக்கு ஒண்ணு. பட்டு மூட்டை பன்னண்டு. ஆசாரி ஒருத்தர், உசுரோட."

இன்னொரு குரல் அதையே திருப்பிச் சொன்னது. "…ஆசாரி ஒருத்தர், உசுரோட. சரியா இருக்கு, நீ போ."

அம்பலத்தாடியே திரும்பிப் பதுமையைப் பார்த்தான். குடத்தையும் மூட்டையையும்தான் அவன் எதிர்பார்த்திருந்தான்.

"பொய்! பதுமை பொய் சொல்கிறது!" என்று வல்லபராயர் கத்தினார்.

அம்பலத்தாடி பதுமையின் அருகில் போனான். "நான் சொல்வதைச் சாளரத்தில் சொல். ஆசாரியாரே, சாப்பிட்டீரா?"

அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல் வந்தது. "யாருய்யா அது? இப்பவாவது என்னைக் கேக்க ஒருத்தர் இருக்காரே! கம்பி வழியா கஞ்சி தர்றாங்க. மகாராஜா கட்டளைன்னு அதிகாரி சொன்னதால காவக்காரங்க என்னைப் பொருளோட பொருளா எண்றாங்க. அந்தப் பதுமை காதுல ரகசியம் எதையும் போட்டுடாதீங்கன்னு மகாராஜாகிட்ட சொல்லணும்னேன். உடனே அதிகாரி என்னை உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டார்."

ராஜா வெளுத்துப்போனார். பதுமையைப் பார்த்தார். "ஒரு மாதமாக அந்த வாசலில்தானே நிற்கிறாய்? ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லை" என்றது பதுமை.

ராஜா எழுந்து குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். "நானே போய்த் திறக்கிறேன்."

"ஒரு சிக்கல் இருக்கிறது, மகாராஜா" என்றான் அம்பலத்தாடி.

"இன்னும் என்ன?"

"ஆசாரியை வெளியே எடுத்துவிட்டால் அடுத்த ஒப்பிப்பில் ஒன்று குறையும். பாவம், காவலர் தலை போகும். அதே கணக்குக்கு வேறொன்றை உள்ளே வைத்துவிட்டு எடுங்கள்."

சபை முழுவதும் வல்லபராயரைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஓர் அடி பின்வாங்கினார். பின்னால் சேவகர்கள் நின்றார்கள்.

முதலில் ராஜாவின் தோள்தான் குலுங்கியது. பிறகு கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதிகாரி ஒருத்தர், உசுரோட!" என்று காவலன் குரலில் சொல்லிப் பார்த்து மறுபடியும் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டுவிட்டுக் குதிரை ஏறினார்.

முத்துகள் சில்லென்று பட்டன. அப்போதுதான் அம்பலத்தாடி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.